அக்கா பதில்கள்: இந்த வாரம் உங்க கிறுக்குத்தனம் எல்லாம் சபைக்கு வருது

போன இதழ்ல ஒரு விளையாட்டு ஆரம்பிச்சோம்ல, "உங்களைப் பத்தி வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாத ஒரு சின்ன விஷயம், பழக்கம், பொழுதுபோக்கு எதுவா இருந்தாலும் எழுதுங்க, கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க"ன்னு. கட்டு கட்டா லெட்டர் வந்திருக்கு. மெடல் வாங்கினேன், மாவட்டத்துல முதலா வந்தேன்னு எழுதினவங்க எல்லாம் மன்னிக்கணும், அதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அத ஓரமா வச்சுட்டேன். பாதிப்பேர் பேரைப் போடாதீங்கக்கான்னு கெஞ்சியிருக்கறதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

கரூர் வாசகர்: எங்களை எல்லாம் சொல்லச் சொல்றீங்களே, முதல்ல நீங்க சொல்லுங்கக்கா. உங்களைப் பத்தி யாருக்கும் தெரியாதது என்ன?

நியாயமான கேள்வி. எனக்கு சில்லறை கைக்கு வந்தா எவ்வளவுன்னு எண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு காசையும் திருப்பி வருஷத்துக்குக் கீழ பாக்கணும், அங்க ஒரு பொடி அடையாளம் இருக்கும், டைமண்ட் மாதிரி இருந்தா அது மும்பைல அடிச்சது, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், ஒரு சின்ன புள்ளி மட்டும் இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருந்தா கொல்கத்தா. நாட்டுல இப்ப காசு அடிக்கிற இடம் இந்த நாலுதான். நம்ம சென்னையிலயும் ஒரு காலத்துல அடிச்சாங்க, தங்கசாலைன்னு தெரு பேர் மட்டும் மிச்சம் இருக்கு. பஸ்ல கண்டக்டர் மீதி குடுத்ததும் நான் காச கண்ணு கிட்ட கொண்டு போறதப் பாத்து, "நல்ல காசுதாம்மா, செல்லும்"னு எரிஞ்சு விழுவாரு, அவருகிட்ட போய் இதை எல்லாம் விளக்கிட்டு இருக்க முடியுமா. வெளியூர் போயிட்டு வர்றவங்க எனக்கு அல்வா வாங்கிட்டு வர வேணாம், அங்க புழங்குற ரெண்டு ரூபா காசு நாலு குடுத்தா போதும்.

இன்னொண்ணும் இருக்கு. பஜ்ஜி கட்டி வந்த பேப்பர படிக்காம தூக்கிப் போட மாட்டேன். எண்ணெய் ஊறி பாதி எழுத்து மறுபக்கம் தெரியும், கொலை யார் பண்ணாங்கன்னு வர்ற இடத்துல பேப்பர் கிழிஞ்சிருக்கும், அந்த மீதியை நானே மனசுல எழுதிக்குவேன். (பேப்பர்ல பஜ்ஜி வைக்கக் கூடாது, மை சாப்பாட்டுல இறங்கும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு. எங்க தெருமுனை கடைக்காரர் இப்ப வாழை இலைக்கு மாறிட்டாரு, உடம்புக்கு நல்லதுதான், எனக்குத்தான் படிக்க ஒண்ணும் இல்லாம போச்சு.)

நாமக்கல் வாசகி: காலேஜ்ல ஸ்லாம் புக் எழுதுவோமே, பிடிச்ச கலர், பிடிச்ச ஹீரோ, பிடிச்ச சாப்பாடுன்னு. என் பொண்ணு பழைய பொட்டிய குடைஞ்சு என் நோட்ட எடுத்துப் படிச்சிட்டு இதெல்லாம் ஒரு வேலையாம்மான்னு சிரிக்கிறா. இந்தப் பழக்கத்த யாருக்கா ஆரம்பிச்சது?

உங்க பொண்ணு கிட்ட, கார்ல் மார்க்ஸே ஸ்லாம் புக் எழுதினவருன்னு சொல்லுங்க. நெஜமாத்தான். 1800கள்ல இங்கிலாந்து வீடுகள்ல இந்த மாதிரி ஆல்பம் பெரிய ஃபேஷன், வீட்டுக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் நீட்டி எழுத வாங்குவாங்க. மார்க்ஸோட பொண்ணுங்க சும்மா விடுவாங்களா, 1865ல அப்பாகிட்டயே நீட்டிட்டாங்க. பிடிச்ச கலர்? சிவப்பு (இதுக்கு கேள்வியே தேவையில்ல). பிடிச்ச சாப்பாடு? மீன். பிடிச்ச வேலை? புஸ்தகத்துல புழுவா கிடக்கறது. சந்தோஷம்னா என்ன? போராடறது. ஹீரோ யாரு? ரோம்ல அடிமைங்கள சேத்துகிட்டு எதுத்து நின்ன ஸ்பார்ட்டகஸும், வானத்து கோள் கணக்கு போட்ட கெப்ளரும். இதுவரைக்கும் சரி. பொம்பளைங்க கிட்ட பிடிச்ச குணம் எதுன்னு ஒரு கேள்வி, அதுக்கு மனுஷன் "பலவீனம்"னு எழுதி வச்சிருக்காரு, அதுவும் பெத்த பொண்ணுங்க நோட்டுல! ஆம்பளைங்களுக்கு "பலம்"னு எழுதியிருக்காரு. விளையாட்டுக்கு எழுதினாரோ என்னவோ, நான் அந்த வீட்டுல பொண்ணா இருந்திருந்தா அன்னிக்கி ராத்திரி மீன் கிடையாது.

மூணு வருஷம் கழிச்சு அதே வீட்டு ஆல்பத்துல மார்க்ஸோட கூட்டாளி ஏங்கெல்ஸும் எழுதினாரு, அது இன்னும் ஜோர். சந்தோஷம்னா என்னன்னு கேட்டதுக்கு 1848ஆம் வருஷத்து ஒயின் ஒண்ணோட பேரு. துக்கம்னா என்னன்னா, பல் டாக்டர் கிட்ட போறது. பிடிச்ச ஹீரோயின் யாருன்னதுக்கு, நிறைய பேர் இருக்காங்க, ஒருத்தர மட்டும் எப்படி சொல்றதுங்கற மாதிரி பதில். உலகத்தையே மாத்தணும்னு கெளம்பின ரெண்டு பேரும் இதுக்கு உக்காந்து பதில் எழுதியிருக்காங்கன்னா நீங்க நாமக்கல்ல உக்காந்து எழுதினதுல என்ன குறைஞ்சு போச்சு. அந்த நோட்ட பத்திரமா வைங்க.

மதுரை வாசகி: எனக்கு ஆளுங்க முகம் ஞாபகமே நிக்காது. கல்யாண வீட்டுல "என்னைத் தெரியுதா, யாரு சொல்லு பாப்போம்"னு யாராவது வந்து நின்னா வயித்தக் கலக்குது. சொந்தக்காரங்க எல்லாம் "அவளுக்கு ஏத்தம், கண்டும் காணாம போறா"ன்னு பேசறாங்க. இது வியாதியாக்கா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், "நான் யாரு சொல்லு பாப்போம்"னு நிக்கறவங்க மேல எனக்கு தீராத கோவம் உண்டு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காதுகுத்துல ரெண்டு நிமிஷம் பாத்திருப்போம், இப்ப தலை நரைச்சு, கண்ணாடி போட்டு, உடம்பு போட்டு வந்து நின்னுகிட்டு, கைய புடிச்சு விடாம பரீட்சை வைப்பாங்க. "நல்லாத் தெரியும், வீட்ல எல்லாரும் சௌக்கியமா"ன்னு சமாளிச்சா, "யாரு வீட்ல?"ன்னு அடுத்த கேள்வி. சுத்தி நாலு பேரு வேற வேடிக்க பாப்பாங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். முகம் மட்டும் மனசுல பதியாத தன்மை நெசமாவே உண்டு. கண்ணு நல்லாத் தெரியும், ஞாபக சக்தியும் ஜோரா இருக்கும், ஆனா முகத்த முகமா அடையாளம் புடிக்கிற வேலைய மட்டும் மூளை சரியா செய்யாது. மூளைய பத்தி ஊருக்கெல்லாம் எளிமையா எழுதின டாக்டர் ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்துச்சு, கண்ணாடில தன்னையே அடையாளம் தெரியாம முழிச்ச கதைய அவரே எழுதியிருக்காரு. பெரும்பாலும் பொறவியிலயே வர்றது, குடும்பத்துல வேற யாருக்காச்சும் கூட இருக்கலாம், விசாரிச்சுப் பாருங்க. சின்ன வயசுலேருந்து இப்படித்தான்னா பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நேத்து வரைக்கும் நல்லா அடையாளம் தெரிஞ்சவங்க முகம் திடீர்னு தெரியாம போனா அது வேற கதை, உடனே நரம்பு டாக்டர பாக்கணும்.

இப்படி இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னா குரல், நடை, முடி, நிக்கிற தோரணை இத வச்சு ஆள கண்டுபுடிப்பாங்க. அதனாலதான் பழக்கப்பட்ட இடத்த விட்டு வேற இடத்துல பாத்தா தடுமாறிடும், தினம் கீரை குடுக்கற அம்மா பட்டுப்பொடவை கட்டிகிட்டு மண்டபத்துக்கு வந்தா அவ்வளவுதான். என் யோசனை, மறைக்காதீங்க. "எனக்கு முகம் மனசுல நிக்காது சித்தி, நீங்களே பேரு சொல்லிடுங்க"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லிடுங்க, ரெண்டு கல்யாணத்துல சொன்னா போதும், மூணாவது கல்யாணத்துக்குள்ள உங்க சித்தியே ஊரெல்லாம் சொல்லி முடிச்சிருப்பாங்க.

திருநெல்வேலி வாசகர்: மேட்னி ஷோ முடிஞ்சு தியேட்டர விட்டு வெளிய வந்து வெயில் மூஞ்சில பட்டதும் எனக்கு தும்மல் வரும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான். ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றானுங்க.

கிண்டல் பண்றவங்கள்லயே ஒருத்தர் ரெண்டு பேருக்கு இது இருக்கும், கவனிச்சிருக்க மாட்டாங்க. நூத்துக்கு 18லேருந்து 35 பேருக்கு இருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க. பரம்பரையா வர்றது, அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே புள்ளைக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ். வெளிச்சத்த பாத்த கண்ணோட சேதிய, பக்கத்துல இருக்கற மூக்கு நரம்பு தனக்கு வந்ததா எடுத்துக்குதுங்கறது டாக்டர்கள் சொல்ற ஒரு காரணம். கிரேக்க காலத்துலயே, வெயில பாத்தா தும்மல் வருதே, நெருப்பு சூட்டுக்கு ஏன் வரலன்னு எழுதி வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஃபிரான்சிஸ் பேக்கன்னு இங்கிலாந்து அறிஞர் ஒருத்தர் கண்ண மூடிகிட்டு வெயில்ல நின்னு பாத்தாரு, தும்மல் வரல, அப்ப சூடு காரணம் இல்ல வெளிச்சம்தான்னு தெரிஞ்சுச்சு. பைக் ஓட்டும்போது மட்டும் ஜாக்கிரதை, சுரங்கப்பாதைய விட்டு வெளிய வர்ற எடத்துல ரெண்டு செகண்ட் கண்ணு மூடும். கூலிங் கிளாஸ் போடுங்க, ஸ்டைலுக்குன்னு நினைச்சுக்கட்டும்.

விழுப்புரம் வாசகி: யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு பச்சரிசி மெல்றது ரொம்ப பிடிக்கும், டப்பாவுல கை போட்டா நிறுத்த முடியல. இப்ப சாக்பீஸ், செங்கல் வாசனைக்கும் ஆசை வருது. எனக்கே அசிங்கமா இருக்கு.

அசிங்கம் ஒண்ணும் இல்லம்மா, ஆனா இந்த ஒரு லெட்டருக்கு மட்டும் நான் சிரிக்கப் போறதில்ல. பச்சரிசி, சாக்பீஸ், மண்ணு, செங்கல், விபூதி, சாம்பல், சிலருக்கு வெறும் ஐஸ் கட்டி, இதுக்கெல்லாம் அடக்க முடியாத ஆசை வந்தா, ஒடம்புல இரும்புச் சத்து கொறஞ்சிருக்கறது ஒரு முக்கியமான காரணம். நம்ம வீடுகள்ல "மசக்கைல விபூதி தின்னா, சின்னதுல பல்பம் தின்னா"ன்னு சிரிச்சுட்டே கதையா சொல்லிட்டு விட்டுடறாங்க. கிட்ட இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க, பொம்பளைங்களுக்கு 12க்கு கொறஞ்சா ரத்த சோகை, மாசமா இருந்தா 11க்கு கொறஞ்சா. ரத்தம் சரியா இருந்தாலும் இரும்பு இருப்பு கொறஞ்சிருக்கலாம், அதுக்கு தனி டெஸ்ட் இருக்கு, டாக்டர கேளுங்க. இரும்பு மாத்திரை குடுத்தாங்கன்னா டீ காபியோட போடாதீங்க, சத்து ஒடம்புல சேராது, எலுமிச்ச ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தா நல்லா சேரும். பல பேருக்கு மாத்திரை எடுக்க ஆரம்பிச்சதும் அந்த ஆசை தானா விட்டுப்போயிடும். செங்கல், மண்ணு பக்கம் மட்டும் போகாதீங்க, வயித்துல பூச்சி வரும். மாதவிடாய் ரொம்ப அதிகமா போகுதான்னு டாக்டர் கேட்டா கூச்சப்படாம சொல்லுங்க, காரணம் அங்கயும் இருக்கலாம்.

சேலம் வாசகர்: யூபிஎஸ்சி மெயின்ஸ் எழுதிட்டேன். ஃபார்ம்ல ஹாபின்னு ஒரு கட்டம் இருக்கு. எனக்குன்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல, ரீடிங், கார்டனிங்னு போட்டுடலாமா?

தொட்டிச் செடி ஒண்ணாவது உயிரோட இருக்கா தம்பி? இண்டர்வியூக்கு 275 மார்க்கு, போர்டுல இருக்கறவங்க அந்த ஃபார்ம கையில வச்சுகிட்டுதான் கேப்பாங்க. கார்டனிங்னு போட்டா, ரோஜாவ எந்த மாசம் கவாத்து பண்ணுவீங்க, மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பீங்கன்னு கேக்கறதுக்கு அங்க ஒருத்தர் உக்காந்திருப்பாரு. உங்களுக்கு ஹாபி இல்லன்னு நான் நம்பல. ராத்திரி பரோட்டா மாஸ்டர் மாவ வீசறத நின்னு பாப்பீங்களா, ஊருக்கு ஊரு சாம்பார் ருசி ஏன் மாறுதுன்னு யோசிப்பீங்களா, கோயிலுக்குப் போனா சாமியவிட தூண பாப்பீங்களா? அதுல எது நெசமோ அத போட்டுட்டு, அதப் பத்தி கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க. நெசமா பிடிச்சத பத்தி பேசறப்ப மூஞ்சியே மாறிடும், அத எதுத்தாப்புல இருக்கறவங்களும் பாப்பாங்க.

தாம்பரம் வாசகர்: ரிட்டயர்டு ஆள் நான். அறுபது வருஷமா தீப்பெட்டி படம் சேக்கறேன், ரெண்டு டிரங்கு பொட்டி நிறைய இருக்கு. மனைவி குப்பைங்கறாங்க, பையன் பழைய பேப்பர்காரனுக்கு போடலாம்ங்கறான். ஒரு தீர்ப்பு சொல்லுங்க சகோதரி.

ஐயா, பொட்டிய பூட்டி சாவிய இடுப்புல முடிஞ்சுக்கோங்க, முதல் தீர்ப்பு அதுதான்.

1922ல சிவகாசிலேருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டி பண்ற தொழில கத்துகிட்டு வந்தாங்க, மானம் பாத்த பூமி, விவசாயத்த நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. அந்த நேரத்துல பம்பாய் பக்கம் ஸ்வீடன்காரங்க கம்பெனி மெஷின் வச்சு பிரமாண்டமா இறங்குச்சு, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமா விம்கோ. சென்னைல விம்கோ நகர்னு ஸ்டேஷன் பேரு இருக்கே, அந்த விம்கோதான். இந்த யானைக்கு எதுக்க சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வீடுகள்ல கையாலயே குச்சி அடுக்கி, கையாலயே லேபிள் ஒட்டி வித்தாங்க. சரக்கு ஒரே மாதிரி இருக்கறப்ப கடைக்காரன்கிட்ட ஒண்ண காட்டி "அந்த மயில் படம் போட்டது குடு"ன்னு கேக்க வைக்கிறது படம் மட்டும்தான், அதனால படத்துக்கு அப்படி ஒரு போட்டி, கிளி, ரோஜா, ராக்கெட்டு, சாமி, நடிகைங்க, சிறுத்தையோட கட்டிப் புரள்ற ஆளு. அந்த லேபிள் அடிக்கறதுக்குன்னு வந்த அச்சு மெஷின்லதான் பின்னாடி சிவகாசி காலண்டரும் டைரியும் அடிச்சு நாட்டுக்கே அனுப்புச்சு. உங்க டிரங்கு பொட்டில இருக்கறது ஒரு ஊரோட சரித்திரம்னு உங்க பையன் கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

2007லேருந்து ஒரு ரூபாயா இருந்த பெட்டி, 2021 டிசம்பர் 1லேருந்து ரெண்டு ரூபா ஆச்சு, குச்சி 36லேருந்து 50 ஆச்சு. அந்த மாத்தத்துக்கு முன்னாடி பின்னாடி ஒரே பிராண்டு பெட்டி ரெண்டும் உங்ககிட்ட இருந்தா தனியா எடுத்து வைங்க.

பத்திரப்படுத்தறதுல ரெண்டு விஷயம். பழைய மரச்சீவல் பெட்டில ஒட்டின லேபிள பிச்சு எடுக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் மிதக்க விட்டா தானா கழண்டு வரும், ரெண்டு மை ஒத்துற தாளுக்கு நடுவுல வச்சு மேல கனமான புஸ்தகத்த வைங்க. செலோடேப் போட்டே ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல மஞ்சளாகி படத்தையே தின்னுடும். இப்ப வர்றது அட்டைலயே அச்சடிக்கிறதால கழட்ட லேபிளே கிடையாது, வெளிக்கூட்ட அப்படியே விரிச்சு தட்டையா வச்சுக்கோங்க, உரசுற பக்கத்த வெட்டிடாதீங்க. வீட்டம்மாவுக்கு ஒரு சமாதானம் வேணும்னா, அவங்க பொறந்த வருஷத்து பெட்டி எதுன்னு தேடி ஃபிரேம் போட்டு குடுங்களேன்.

புதுச்சேரி வாசகி: பெரிய அறிவாளிங்களுக்கும் இந்த மாதிரி கோணங்கித்தனம் எல்லாம் உண்டாக்கா?

அவங்ககிட்டதான் நிறைய. நம்ம ராமானுஜன கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச கணக்கு மேதை ஹார்டி இருக்காரே, அவருக்கு கண்ணாடின்னா ஆகாது, ஓட்டல் ரூமுக்குப் போனா முதல் வேலையா கண்ணாடிய டவல் போட்டு மூடிடுவாரு. கடவுள் இல்லங்கற கட்சி, ஆனா அந்த இல்லாத கடவுளோட தினம் மல்லுக்கு நிப்பாரு. கிரிக்கெட் பாக்கப் போறப்ப குடை, ஸ்வெட்டர், கட்டு கட்டா கணக்கு பேப்பர் எல்லாம் தூக்கிட்டுப் போவாரு, ஏன்னா இவன் மழை வரும், உக்காந்து வேலை பாக்கலாம்னு ஆசையா வந்திருக்கான்னு கடவுள் நினைச்சு, வேணும்னே வெயிலடிக்க வைப்பாராம், மேட்ச் நடக்குமாம். குடை எடுத்துட்டுப் போனா மழை வராதுன்னு நம்ம ஆளுங்க சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க.

இன்னொரு தடவ டென்மார்க்லேருந்து ஊருக்குத் திரும்ப சின்னப் படகு, கடல்ல பயங்கர அலை. ஏறதுக்கு முன்னாடி நண்பர் ஒருத்தருக்கு போஸ்ட் கார்டு போட்டாரு, ரீமன் கருதுகோள நிரூபிச்சுட்டேன்னு. யாராலயும் தீர்க்க முடியாத கணக்கு அது, இன்னி வரைக்கும் தீரல. இவரும் தீர்க்கல. படகு முழுகினா, ஐயோ தீர்த்துட்டு செத்துப்போயிட்டாரேன்னு பேரு நிலைச்சுடும், அந்த பேர தனக்கு குடுக்க கடவுளுக்கு மனசு வராது, அதனால பத்திரமா கரை சேத்துடுவாருங்கறது அவர் போட்ட கணக்கு. கரை சேந்துட்டாரு.

டார்வின் பொண்டாட்டியோட தினம் ராத்திரி பேக்கேமன்னு பகடை உருட்டி காய் நகத்தற ஆட்டம் ஆடுவாரு, வருஷக்கணக்கா ஸ்கோர் குறிச்சு வச்சு, 1876ல நண்பருக்கு எழுதறாரு, அவ 2490 ஆட்டம், நான் 2795 ஆட்டம், ஹுர்ரேன்னு. அந்தம்மா என்ன நெனச்சாங்களோ. நம்ம விஸ்வநாதன் ஆனந்துக்கு செஸ்ஸுக்கு அடுத்து வானத்த பாக்கறதுல பைத்தியம், 2015ல ஒரு குட்டிக் கோளுக்கே அவர் பேர வச்சுட்டாங்க, 4538 விஷியானந்த்.

ஈரோடு வாசகர்: இந்த மாதிரி என்னைப் பத்தின விஷயங்களை நெட்ல போடலாமா?

தீப்பெட்டி சேக்கறத போடுங்க, தும்மறத போடுங்க. "உங்க முதல் ஸ்கூல் எது, செல்லப்பேர் என்ன, வளத்த நாய் பேரு என்ன, அம்மா பொறந்த ஊரு எது, ஜாலியா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்"னு வர்ற விளையாட்ட மட்டும் விட்டுடுங்க. பாஸ்வேர்டு மறந்தா பேங்க்ல கேக்கற கேள்வி எல்லாம் அதேதான். ஏற்கெனவே போட்டிருந்தா, பேங்க்ல பதில மாத்துங்க, நாய் பேர்தான் கேக்கணும்னு இருந்தா சம்பந்தமே இல்லாம "கத்திரிக்கா"ன்னு குடுங்க, கம்ப்யூட்டருக்கு என்ன தெரியப்போகுது.

தஞ்சாவூர் வாசகி: எனக்கு கைவிரல் நெட்டி முறிக்காம இருக்க முடியாது. முட்டு வாதம் வரும், தரித்திரம்னு மாமியார் திட்டறாங்க. உண்மையாக்கா?

தரித்திரத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. முட்டு வாதத்துக்கு இருக்கு. அமெரிக்கால டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டர், சின்ன வயசுல அவங்கம்மா, அத்தைங்க, கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார்னு எல்லாரும் இதையே சொல்லி பயமுறுத்த, சரி பாத்துடலாம்னு அம்பது வருஷமா இடது கை விரல மட்டும் தினம் ரெண்டு தடவையாவது நெட்டி முறிச்சாரு, வலது கைய சும்மா விட்டுட்டாரு. கடைசில பாத்தா ரெண்டு கையிலயும் வாதம் இல்ல. 1998ல மூட்டுவாத டாக்டர்களோட பத்திரிகைலயே எழுதினாரு, 2009ல அதுக்கு இக் நோபல்னு சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற பரிசும் குடுத்தாங்க. ஒத்த ஆளு கை, அத வச்சு மட்டும் முடிவு கட்ட முடியாது, ஆனா அதுக்கப்புறம் நிறைய பேர வச்சு பாத்ததுலயும் வாதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் தெரியல. வலியோ வீக்கமோ இருந்தா மட்டும் டாக்டர பாருங்க.

இத உங்க மாமியார் கிட்ட எப்ப சொல்றதுன்னா, அவங்க பேரனுக்கு திருஷ்டி கழிச்சுட்டு, நெத்திப்பொட்டுல ரெண்டு கையையும் வச்சு படபடன்னு நெட்டி முறிப்பாங்கல்ல, அந்த நேரமா பாத்து பக்கத்துல போய் உக்காருங்க.